படகு ஓடும் ஆற்றில் இருவராகத் தூண்டில் போடுவது வீணா?

தொடக்கக் கேள்வி: பிப்ரவரி 6, காலை 7.15

எங்கள் ஆற்றில் நாள் முழுக்கப் படகு ஓடுகிறது. கரையிலும் ஆள் நடமாட்டம். விடிகாலை ஒரு மணி நேரத்தை விட்டால் மற்ற நேரம் தூண்டில் போடுவது வீண் என்று நினைக்கிறேன். கூட ஒருவரை அழைத்துப் போனால் இன்னும் மோசம். பேச்சும் சத்தமுமாக இருக்கிற மீனும் ஓடிவிடும். தனியாக, ஆள் இல்லாத குளத்தில் போடுவதே சரி. யாருக்காவது வேறு அனுபவம் உண்டா?

பிப்ரவரி 6, இரவு 9.50

என் அனுபவம் நேர் எதிர். போன ஞாயிறு மச்சினனோடு விடிவதற்கு முன்பே போய், இருட்டும் வரை கரையில் இருந்தேன். நீங்கள் சொல்லும் அமைதியான விடிகாலையில் தக்கை அசையவே இல்லை. வெயில் ஏறி, முதல் பெரிய படகு வளைவைத் தாண்டிப் போன பிறகுதான் முதல் கொத்து. அன்று கிடைத்ததில் பெரும்பகுதி படகு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆற்று மீன் முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து படகுச் சத்தத்தில்தான் வளர்கிறது. ஒவ்வொரு படகுக்கும் பயந்து ஓடினால் அதற்கு இரை தேட நேரமே இருக்காது. படகு வரும்போது கொஞ்சம் ஒதுங்கும், போன பிறகு வரும். எங்கே ஒதுங்குகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நம் வேலை இருக்கிறது. பாலத் தூணின் பின்பக்கம், கட்டிப் போட்டிருக்கும் படகுகளின் அடி, படகுப் பாதையின் ஆழம் கரையை நோக்கி மேடேறும் சரிவு, இந்த மூன்று இடங்களையும் விட்டுவிட்டு நடுவாற்றில் எறிந்தால் நாள் முழுக்கச் சும்மா உட்கார வேண்டியதுதான்.

துணை வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்கு ஒப்பவே இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, மாலை 6.20

சரி, பேச்சு.

என் மச்சினன் ஓயாமல் பேசுகிற ஆள். தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோக்கும்போதும் பேசுவான், தூண்டிலின் இழை, அதாவது நரம்பு, சிக்கினாலும் பேசுவான். அன்று காலையில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், "மாமா, மீனுக்குக் காது இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. வெளியே ஓட்டை தெரியாது, உள்ளே இருக்கிறது. கெண்டை, கெளுத்தி வகைகளுக்கு மற்ற பல மீன்களைவிட நன்றாகவே காது கேட்கும். அவற்றின் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் என்ற ஜெர்மன் அறிஞர் 1820இல் இதை விவரித்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். தண்ணீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கிக்கொள்ள, அந்த எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்துகின்றன.

அப்படியானால் மச்சினன் பேச்சு? காற்றில் எழும் சத்தம் தண்ணீர்ப் பரப்பில் பட்டதும் அநேகமாக எல்லாமே மேலே திரும்பிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் உள்ளே இறங்கும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் கரையில் குதித்து நடப்பது, பெட்டியைத் தரையில் இழுப்பது, முளைக்குச்சியைக் கல்லால் அடித்து இறக்குவது, இவை வேறு கதை. அதிர்வு மண் வழியாகவே தண்ணீருக்குள் போய்விடும். உள்ளே போன சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் வேகத்தில் ஓடும். காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கரையை ஒட்டி மேய்கிற மீனுக்கு அது உடனே தெரியும். உதட்டில் விரல் வைத்த அந்தப் பெரியவர், கனமான செருப்போடு பலகை மேல் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் பக்கம் வெகுநேரம் எதுவும் கொத்தவில்லை.

பேசுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். நிற்கிற ஆளை மீன் பார்த்துவிடும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் நெருக்கித் தெரிகிறது. தரையை ஒட்டி இருப்பது அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போகும். தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி, தாழ உட்கார்ந்தால் நாம் அந்த விளிம்போடு போய்விடுகிறோம். எழுந்து நின்றால் வட்டத்துக்குள் வந்துவிடுகிறோம், நிழலும் கூடவே வரும்.

பிப்ரவரி 7, இரவு 10.05

இயந்திரச் சத்தம் தண்ணீருக்குள்ளேயே பிறக்கிறதே, அது மீனை விரட்டாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விரட்டும், அது புதிதாக இருந்தால். தினமும் ஒரே பாதையில் ஒரே மாதிரி சீராக வந்து போகிற படகு பழகிவிடுகிறது. எப்போதோ ஒரு படகு வருகிற ஒதுக்குப்புறமான கிளையாற்றில் அதே சத்தம் வந்தால் அன்றைக்கு அந்த இடத்தை மறந்துவிடலாம். பரபரப்பான ஆறு இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நம் முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது மட்டும் எப்போதும் கெடுதல் என்பது நான் பார்த்தது.

பிப்ரவரி 9, இரவு 8.30

இன்றைக்குப் படகு போகும்போது என்ன நடக்கிறது என்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் பலர் தக்கையைச் சபிக்கிறார்கள்.

கனமான படகு வந்தால் கரைக்கு முதலில் அலை வராது. முதலில் தண்ணீர் பின்வாங்கும். படகு தன் முன்னால் இருக்கும் நீரைத் தள்ளுகிறது. அந்த நீர் படகின் இரு பக்கமும் பின்னோக்கி வேகமாக ஓடுகிறது. அப்படி ஓடும்போது படகை ஒட்டிய நீர்மட்டம் தாழ்கிறது. ஆறு குறுகலாக இருந்தால் இந்தத் தாழ்வு கரை வரைக்கும் எட்டும். சற்று முன்பு முழங்கால் அளவு தண்ணீர் இருந்த இடத்தில் சேறு தெரியும். படகின் பின்பகுதி கடந்ததும் எல்லாம் சேர்த்து வைத்துத் திரும்பி வரும், அப்போதுதான் அலை.

தக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது அழகாகத் தெரியும். படகு ஆற்றின் போக்கில் கீழே போனால் தக்கை மேலே நகரும், ஆற்று ஓட்டத்துக்கு எதிராகவே கூட. படகு மேலே ஏறினால் தக்கை வழக்கத்தைவிட வேகமாகக் கீழே இழுபடும். இதைக் கொத்து என்று நினைத்துச் சுண்டினால் இரைதான் போகும்.

எல்லாப் படகும் ஒன்றில்லை. மெதுவாகப் போகிற சரக்குப் படகு நீரை உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருகிறது. தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு முழு வேகத்தில் பறக்கிற சின்ன விசைப்படகின் அலை நாம் நினைப்பதைவிடச் சிறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, வேகம் எடுக்கவும் இல்லாமல் குறைக்கவும் இல்லாமல் நடுவாந்தரமாகப் போகிறதே, அதுதான் கரையை அடித்து நொறுக்குகிற அலையைக் கிளப்பும். துடுப்புப் படகு ஒன்றும் செய்யாது, ஆனால் சத்தமில்லாமல் வந்து நரம்பின் மேலேயே ஏறிவிடும்.

இப்போது மீன் பக்கம். நீர் பின்வாங்கித் திரும்பும்போது சரிவில் இருக்கும் மண் கலைகிறது. அதில் புதைந்திருந்த புழு, பூச்சிக் குஞ்சு, சின்ன நத்தை எல்லாம் வெளியே வருகின்றன. கெண்டைக்கு இது விருந்து. கலங்கல் மெல்ல இறங்கத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் பரபரப்பான ஆற்றின் பொற்காலம். இரை அந்தச் சரிவின் மேல் ஏற்கெனவே கிடக்க வேண்டும். அலை அடங்கிய பிறகு எடுத்து எறிந்தால் நேரம் தப்பிவிடும்.

துணை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். தக்கையைப் பார்க்கிற கண்ணால் ஆற்றைப் பார்க்க முடியாது. நான் தக்கையைப் பார்ப்பேன், அவன் மேலும் கீழும் ஆற்றைப் பார்ப்பான். பிறகு மாற்றிக்கொள்வோம். எங்களுக்குள் மூன்று சொல்தான் வைத்துக்கொண்டோம். "பெருசு" என்றால் கனமான படகு, நீர் பின்வாங்கும், நரம்பைக் கொஞ்சம் தளர்த்து. "துடுப்பு" என்றால் நரம்பைத் தாழ்த்து, அல்லது சுற்றி எடுத்துவிடு. "ஆள்" என்றால் நீந்துகிறவர், உடனே எடு, பேச்சே இல்லை.

பிப்ரவரி 10, காலை 6.55

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். படகு போனாலே மீன் கொத்தும் என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடாது, அதனால் இது.

சரிவுக்கு மேல் ஒரு மீட்டராவது தண்ணீர் இருக்கிற இடத்துக்கே அது பொருந்தும். கரையோரம் கணுக்கால் ஆழமே என்றால் ஒவ்வொரு பெரிய படகுக்கும் அந்த இடம் வற்றி நிறைகிறது. அங்கே எந்த மீனும் தங்காது. படகுகள் விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும் கலங்கல் இறங்க இடைவெளி கிடைக்காது. அந்த நேரத்தில் தூண் மறைவுக்கு மாறிவிடுவது நல்லது.

எந்த மீனைத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். விரால் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன், கலங்கலில் அதற்குக் கை ஒடிந்த மாதிரி. கெளுத்திக்குக் கலங்கல் ஒரு பொருட்டே இல்லை. அதன் மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கச் சுவை அறியும் மொட்டுகள். சில கெளுத்தி வகைகளில் அவை ஒரு லட்சத்துக்கும் மேல். இருட்டிலும் சேற்றிலும் இரையைத் தேடி வந்துவிடும். காலையில் தெளிந்த நீரில் விரால், பிறகு கலங்கலில் கெண்டை, அந்தி மயங்கும்போது கெளுத்தி என்று நாளைப் பிரித்துக்கொண்டால் படகுப் போக்குவரத்து தடையாகவே தெரியாது. முதல் பதிவில் விடிகாலை சும்மா போனது என்றேன். நாங்கள் அப்போது கெண்டைக்கான மாவு உருண்டையைத்தான் போட்டிருந்தோம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10, மதியம் 1.30

நரம்பு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பின்னல் நரம்பு மெல்லியது, நீளாது, சின்னக் கொத்தையும் கைக்குச் சொல்லும். எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் பின்னல் நரம்பில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன், தண்ணீரைவிட லேசு, மிதக்கும். படகு ஓடும் ஆற்றில் மிதக்கிற நரம்பு என்றால் படகைத் தள்ளும் சுழலியில் சிக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். சிக்கினால் உங்கள் கம்பும் ரீலும் போகலாம், படகுக்காரருக்கும் கேடு.

நைலான் நரம்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், மெல்ல அமிழும். நன்றாக நீளும் என்பது குறை போலத் தோன்றும். அலையடிக்கிற ஆற்றில் அந்த நீட்சியே குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ஃப்ளூரோகார்பன் நன்றாக மூழ்கும், நீருக்குள் கண்ணுக்கும் குறைவாகத் தெரியும், விலையும் கூடும், முறுக்கும் அதிகம். என் பழக்கம் நைலான். தரையில் இரை போடும்போது கம்பின் நுனிக்குக் கீழே நரம்பில் இன்னொரு சின்ன எடைக் குண்டை வழுக்கிவிட்டு நரம்பைக் கரையோரமே தரையோடு படிய வைத்துவிடுவேன். படகு மேலே போய்க்கொண்டே இருக்கலாம்.

முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் எச்சிலோ தண்ணீரோ தொட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நைலான் உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே பலம் குறைந்துவிடும். நல்ல மீன் போவது பெரும்பாலும் முடிச்சில்தான்.

பிப்ரவரி 12, இரவு 9.15

மதிய நேரம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

அந்த ஞாயிறு உச்சி வெயிலில் கொத்து நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் வரை தாங்கும், 30 பாகையில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடுகிறது. அதனால் அது நிழலுக்கோ நீர் குதித்துக் கலக்கிற இடத்துக்கோ போய்விடும். நாங்கள் இருந்த இடத்தில் தூண் நிழல் ஒன்றுதான், அதை இன்னொருவர் பிடித்திருந்தார். அவரை நகரச் சொல்ல முடியுமா? விட்டுவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் மச்சினன் வேலையை விட்டதைச் சொன்னான். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். அன்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து ஊரில் உள்ள எல்லாவற்றையும் பேசியவன், இதற்கு மட்டும் தக்கையைப் பார்த்துக்கொண்டே, "அக்காகிட்ட இன்னும் சொல்லல மாமா" என்று தொடங்கினான். நானும் அவன் பக்கம் திரும்பவில்லை. என்ன நடந்தது, எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது, அடுத்து என்ன என்று ஒவ்வொன்றாக வந்தது. நடுவில் ஒரு இடத்தில் தொண்டை கம்மி நிறுத்தினான். பிறகு அதே குரலில் "பெருசு" என்றான். நான் நரம்பைத் தளர்த்தினேன். நீர் பின்வாங்கி, திரும்பி, அலை அடங்கும் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதன் பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தான்.

வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். எனக்கும் கேட்கத் தெரிந்திருக்காது. தனியாகப் போவதே சரி என்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. தனியாகப் போனால் எனக்குக் கூட ஒன்றிரண்டு மீன் கூடுதலாகக் கிடைக்கலாம். அதற்காக அந்த மதியத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி 13, காலை 7.40

ஒரு திருத்தம். மேலே "கொத்து நின்றுவிட்டது" என்றேன். எங்களுக்கு நின்றது. தூண் நிழலில் இருந்தவருக்கு நின்று நின்று வந்துகொண்டுதான் இருந்தது. இடம் அவ்வளவு முக்கியம்.

பிப்ரவரி 14, இரவு 8.50

அதே ஞாயிறு பிற்பகல் வந்த பெரிய கெண்டையைப் பற்றி.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் அரைக்கிற பல். அதனால் இரையைக் கடிக்காது, உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை அப்போது நடுங்கும், அரை விரல் அமுங்கும், எழும். இந்த நடுக்கத்துக்குச் சுண்டக் கூடாது. தக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர ஆரம்பித்தால் அல்லது நேராக உள்ளே போனால் மட்டும். அன்று ஒரு படகுக் கலங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. தக்கை நடுங்கி நடுங்கி நின்றது. மச்சினன், "அது யோசிக்குது மாமா, நாமளும் யோசிப்போம்" என்றான். அடுத்த நடுக்கத்தில் தக்கை பக்கவாட்டில் வழுக்கிப் போனது. கையைச் சுண்டினேன், கம்பு வளைந்தது.

மீன் நேராகத் தூணுக்கு ஓடப் பார்த்தது. தூணைச் சுற்றினால் நரம்பு அறுந்துவிடும். கம்பைத் தலைக்கு மேல் தூக்காமல் தண்ணீருக்குச் சமமாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் இழுத்தேன். தலை திரும்பிய பக்கம் மீன் திரும்பும், மேலே தூக்கினால் அதற்குப் பலம்தான் கூடும். ரீலின் இறுக்கத்தை முன்பே தளர்த்தி வைத்திருந்தேன். இழுத்தபோது கொடுத்தது, நின்றபோது சுற்றினேன்.

பாதி வழியில் வரும்போது மேலிருந்து ஒரு பெரிய படகு. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நரம்பு தொய்ந்திருக்கும். மச்சினன் எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, நரம்பு போகிற திசையைக் காட்டினான். படகுக்காரர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்து எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கினார். அவருக்கு இங்கே நன்றி. அவர் பாதை அது, ஒதுங்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இருந்தாலும் நீர் பின்வாங்கியது. மீன் அப்போது கரைக்கு அருகில் வந்திருந்தது, முதுகுத் துடுப்பு வெளியே தெரிந்தது. அந்த நேரத்தில் வலையை எடுத்துக்கொண்டு மீன் பின்னால் பாய்ந்தால் அது கடைசி உதறு உதறி முள்ளைக் கழற்றிவிடும். மச்சினன் கைவலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடித்திருந்தான். நீர் திரும்பி வந்தது. அலையே மீனைத் தூக்கிக் கொடுக்க, நான் வலைக்கு மேலாக இழுத்தேன், அவன் விளிம்பைத் தூக்கினான். நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும்.

கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டோம். மீன் மேல் இருக்கும் வழவழப்பு அதன் காவல், காய்ந்த கையும் துணியும் பட்டால் உரிந்துவிடும், பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். ஈரப் புல்லில் கிடத்தி முள்ளைக் கழற்றினோம். தாடி (பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) இல்லாத முள், சட்டென்று வந்துவிட்டது. பிறகு வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, செவுள் சீராக அசையும் வரை தண்ணீரில் பிடித்திருந்தான். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. இவ்வளவையும் தனியாகச் செய்யலாம். எனக்கு முடியும் என்று தோன்றவில்லை, அந்தப் படகோடு சேர்த்து நிச்சயமாக முடியாது.

பிப்ரவரி 15, காலை 6.30

விட்டது ஏன் என்று கேட்கிறீர்கள். பெரிய பெண் மீன், வயிறு முட்டையோடு இருந்தது. சின்னவற்றில் இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போனோம். எந்த அளவுக்கு மேல் எடுக்கலாம், எந்த மாதம் கூடாது, உரிமம் வேண்டுமா என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15, இரவு 10.10

கெளுத்தி பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று முள். பயந்தால் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் மடங்காது. பல வகைகளில் விஷமும் உண்டு, குத்தினால் வலி உயிர் போகும். பக்க முட்களுக்குப் பின்னாலிருந்து, விரல்கள் முள்ளுக்கு அடியில் வரும்படி பிடியுங்கள். தெரியாவிட்டால் பிடிக்கவே வேண்டாம். வலைக்குள்ளேயே வைத்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். அந்தியில் மச்சினன் ஆர்வத்தில் கையை நீட்டினான், "தொடாதே" என்று நான் போட்ட சத்தத்தில்தான் மீன் ஓடியிருக்கும், பேச்சில் இல்லை.

பிப்ரவரி 17, மாலை 5.45

விரால் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். கோரைப் புல் ஓரமாகத் தண்ணீர்ப் பரப்பில் சிவந்த பொடிக்குஞ்சுகள் கும்பலாக நெளிந்துகொண்டிருந்தால் அங்கே தூண்டிலைக் காட்டாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் குஞ்சைக் காப்பாற்றப் பாயும், சுலபமாகப் பிடித்துவிடலாம். பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. அன்றும் ஒரு கும்பல் பார்த்தோம். விரால் காற்றை நேராகச் சுவாசிக்கிற மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் வாங்கிப் போகும். இரண்டு முறை அதன் தலை தெரிந்தது. பக்கத்தில் இருந்த சிறுவன் எறியப் போனான், மச்சினன் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குஞ்சுகளைக் காட்டினான். பையன் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரி 18, இரவு 9.00

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று, இரண்டும் எனக்கு முக்கியம்.

ஒன்று, ஈயக்குண்டு. சின்ன ஈயக்குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கி, விஷம் ஏறிச் சாகின்றன. பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததைப் பார்த்து 1987இல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். அதன் பிறகு அங்கே அன்னங்கள் மீண்டும் பெருகின. தகரம், டங்ஸ்டன், எஃகு என்று மாற்று இருக்கிறது. சின்னக் கூழாங்கல்லை நரம்பில் கட்டிப் போட்டாலும் போதும். அறுந்த நரம்பையும் கரையில் விடாதீர்கள். பறவைக் காலில் சுற்றினால் அது கால் அழுகிச் சாகும். எங்கள் சிக்கிய நரம்போடு சேர்த்து அங்கே கிடந்ததையும் மச்சினன் ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துவந்தான்.

இன்னொன்று, தலைக்கு மேல் மின்கம்பி. கார்பன் கம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆற்றைக் கடக்கும் கம்பிக்கு அடியில் நீளக் கம்பைத் தூக்கினால், தொடாவிட்டாலும் அருகில் போனாலே மின்சாரம் பாயலாம். உட்காரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பாருங்கள். இடி கேட்டாலும் கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகிவிட வேண்டும்.

பிப்ரவரி 20, காலை 7.05

மச்சினனை விசாரித்தவர்களுக்கு: அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் முதலில் என்னைத்தான் திட்டினாள், தெரிந்தும் சொல்லவில்லை என்று. இப்போது எல்லாம் சரி. இரண்டு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22, இரவு 8.15

கைவலையின் பிடி எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டவருக்கு: இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். நீர் பின்வாங்கும்போது கரைக்கும் மீனுக்கும் நடுவே சேறு வந்துவிடும், சின்னப் பிடி எட்டாது, எட்டிப் பிடிக்கச் சேற்றில் இறங்கினால் திரும்பி வருகிற அலை காலை வாரும். வலைத்துணி முடிச்சில்லாததாக இருக்கட்டும், முடிச்சு செதிலை உரிக்கும். முதல் முறை இருவராகப் போகிறீர்கள் என்றால் வலையைப் பிடிப்பது யார் என்று கரையில் உட்காரும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மீன் மாட்டிய பிறகு பேச நேரம் இருக்காது.